வலப்பக்கத்து சீட்

பல்கலைக்கழகத்தில் எல்லோரும் அவரை ஜெர்மன் மேடம் என்றுதான் சொன்னார்கள். நானும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன். அவர் ஜெர்மன்காரி இல்லை, அசல் மதுரைக்காரி. ஆராய்ச்சிப் படிப்புக்காக ஜெர்மனிக்குப் போய்ச் சில வருஷம் இருந்துவிட்டுத் திரும்பும்போது ஒரு பட்டமும் ஒரு பழைய காரும் கொண்டுவந்தார். பட்டத்தைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை. காரைப் பற்றித்தான் ஊரே விசாரித்தது.

நான் அப்போது அதே பல்கலைக்கழக நூலகத்தில் உதவியாளர். எழுபதுகளின் கடைசி. சொந்த ஊர் செக்கானூரணிப் பக்கம். வேலைக்காகப் பழங்காநத்தத்தில் சித்தி வீட்டில் தங்கியிருந்தேன். மேடம் அடுத்த தெருவில் தனியாகக் குடியிருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்கிற தைரியம் எனக்கு இல்லை. எனக்குத் தைரியம் எதிலுமே கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. சித்திரைப் பொருட்காட்சியில் ராட்டினம் ஏறியதில்லை. கிணற்றை எட்டிப் பார்த்ததில்லை. வைகையில் தண்ணீர் வந்தால் ஊரே பாலத்தில் போய் நின்று வேடிக்கை பார்க்கும், நான் வீட்டில் உட்கார்ந்து பாலம் நிற்குமா என்று கவலைப்படுவேன். அப்படிப்பட்டவளை மதுரையிலேயே வேகமான காரில் கொண்டுபோய் உட்கார வைத்தது என் தலையெழுத்து.

மேடம் ஜெர்மனியில் குடியிருந்த வீட்டுக்காரம்மாவின் மகன் ஓட்டிச் சலித்த வண்டி அது. பந்தயத்துக்கெல்லாம் கொண்டுபோவானாம். இரண்டே கதவு. பூசணிப்பழ நிறத்தில் தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும். சாவியைத் திருப்பினால் வரும் உறுமலில், நிழலில் படுத்திருக்கும் தெருநாய்கள் எழுந்து வேறு தெருவுக்குப் போய்விடும். நிறுத்தின இடத்தில் கூட்டம் கூடிவிடும். கண்ணாடியில் முகத்தை ஒட்டிவைத்துப் பார்க்கிறவர்கள் எல்லோரும் பார்ப்பது வேகம் காட்டும் முள்ளுக்குக் கீழே உள்ள கடைசி எண்ணைத்தான்.

“இம்புட்டுப் போகுமாக்கா?”

“போகும்ணே. அதுக்கு ரோடுதான் இல்ல” என்பார் மேடம்.

முதல் நாள் பஸ் ஸ்டாப்பில் நின்றவளைப் பார்த்து நிறுத்தினார். “லைப்ரரிப் புள்ளதானே நீ? ஏறு.” நான் வழக்கம்போல இடது கதவைப் பிடித்துத் திறந்தேன். அங்கே அவரே உட்கார்ந்திருந்தார், கையில் ஸ்டியரிங்கோடு. அந்த ஊரில் அப்படித்தானாம், ஸ்டியரிங் இடது பக்கம். நான் சுற்றிப்போய் வலது பக்கம் ஏறினேன். டிரைவர் உட்கார வேண்டிய இடத்தில் நான். எனக்கு முன்னால் ஸ்டியரிங்கும் இல்லை, காலுக்குக் கீழே பிரேக்கும் இல்லை. எதிரே வருகிற பஸ்ஸும் லாரியும் என் முழங்கையை உரசுகிற மாதிரி போயின. காளவாசல் முக்கில் போலீஸ்காரர் ஒருவர் கையைக் காட்டி வண்டியை நிறுத்தி என்னிடம் குனிந்து, “லைசென்ஸ் எங்கம்மா?” என்றார். நான் இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். அவர் என்னைப் பார்த்தார், ஸ்டியரிங் இல்லாத இடத்தைப் பார்த்தார், போகச் சொல்லிவிட்டார்.

விராட்டிபத்து தாண்டியதும்தான் எனக்கு வேலை வந்தது. முன்னால் பஞ்சு மூட்டை ஏற்றின லாரி. மேடம் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பார்த்தால் லாரியின் முதுகும் ரோட்டோரத்துப் புளியமரமும்தான் தெரியும். எதிரில் என்ன வருகிறது என்று தெரியவே தெரியாது.

“எதுத்தாப்புல வருதா?”

என்னைத்தான் கேட்கிறார் என்று நான் நினைக்கவே இல்லை.

“உன்னையத்தான் புள்ள. ஏதும் வருதா, போலாமா?”

எட்டிப் பார்த்தேன். ரோடு காலியாக இருந்தது. “போகலாம்னு நெனைக்கிறேன் மேடம்” என்றேன்.

“நெனைக்கிறதெல்லாம் வேணாம். போங்கன்னு சொல்லு, இல்லாட்டி வேணாம்னு சொல்லு. ரெண்டுல ஒண்ணு.”

“போங்க.”

அந்தச் சொல் வாயை விட்டு வெளியே வந்ததும் என் முதுகு சீட்டில் போய் ஒட்டிக்கொண்டது. பஞ்சு லாரி பக்கத்தில் வந்தது தெரிந்தது, பின்னால் போனது தெரியவில்லை. மேடம் எட்டிப் பார்க்கவில்லை, வண்டியைக் கொஞ்சம் வெளியே எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பவில்லை, தயங்கவில்லை. அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பேசின ஒரு நூலகத்துப் பெண் “போங்க” என்றாள், அவர் போய்விட்டார். பல்கலைக்கழக வாசலில் இறங்கும்போது என் கால் நடுங்கியது. லாரியைத் தாண்டினதற்காக நடுங்கவில்லை. நான் சொன்னதை ஒருத்தர் அப்படியே நம்பிவிட்டாரே என்றுதான் நடுங்கியது.

அவருடைய குணமே அதுதான். யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவார். ஏமாளி என்று நினைத்துவிட வேண்டாம். ஏமாளிகள் எதிராளியின் முகத்தைப் பார்த்துச் சிரித்து நம்புவார்கள். இவர் கணக்குப் போடுகிற முகத்தோடு நம்புவார். நூலகத்தில் “அந்தப் புத்தகம் வெளியே போயிருக்கு மேடம்” என்றால் அலமாரிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். மற்றப் பேராசிரியர்கள் என்னை விலக்கிவிட்டு அவர்களே உள்ளே போய்த் தேடுவார்கள். அவர்களிடம் நான் சோம்பலில் எத்தனையோ முறை பொய் சொல்லியிருக்கிறேன், ஒன்றும் உறுத்தியதில்லை. மேடத்திடம் மட்டும் போய்த் தேடிவிட்டு வந்துதான் பதில் சொல்வேன்.

சிம்மக்கல்லில் ஒரு பட்டறைக்காரர் இருந்தார். அந்த வண்டி பழையது, சாமான் எதுவும் இந்த நாட்டில் கிடைக்காது. மாதத்தில் பாதி நாள் அங்கேதான் கிடக்கும். அவர் லாரிக்குப் போடுகிற ஒரு ரப்பர் குழாயை வெட்டி மாட்டிவிட்டு, “ஒரிஜினல் சாமான்க்கா, மெட்ராஸ்ல இருந்து வரவழைச்சேன்” என்றார். நானும் பக்கத்தில் நின்றேன். அதில் எழுதியிருந்த பெயரைப் படித்தாலே தெரியும். மேடம், “அப்ப நல்லதாப் போச்சு, கொடைக்கானல் வரைக்கும் தைரியமாப் போலாம்” என்றார். அந்த ஆள் சரி என்று தலையாட்டினார். மறுநாள் விடிந்ததும் விடியாததுமாகப் பழங்காநத்தத்தில் மேடம் வீட்டு வாசலில் சைக்கிளோடு நின்றார். “அக்கா, மலைக்குப் போயிராதீங்க. அது லாரிக் குழாய். ராத்திரி பூராத் தூங்கல” என்றார். மேடம் அதையும் நம்பினார். அதே முகம்தான், கோபமில்லை. அவருக்குக் காபி கொடுத்து அனுப்பினார். அந்த மனுஷன் தூங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தேன்.

ஒரு மாணவன் வகுப்புக்கு வராமல் இருந்துவிட்டு, அப்பா தவறிவிட்டார் என்று சொல்லியனுப்பினான். மற்றவர்கள் என்றால் அடுத்த வாரம் அவன் வரும்போது “அப்படியா” என்று கேட்டுவிட்டு விட்டிருப்பார்கள். மேடம் மாலை வாங்கிக்கொண்டு என்னையும் ஏற்றிக்கொண்டு மேலூர் தாண்டி அவன் ஊருக்கே போய்விட்டார். வீட்டு வாசலில் இறந்துபோனவர் விறகு பிளந்துகொண்டிருந்தார். காரைப் பார்த்ததும் கோடாலியைக் கீழே வைத்துவிட்டு, “வாங்க வாங்க, பையன் படிக்கிற இடத்துல இருந்தா?” என்றார். நான் மாலையை முந்தானைக்குள் சுருட்டி மறைத்தேன். மேடம் அவரிடம் மழை எப்படி என்று விசாரித்தார், இளநீர் குடித்தார், பையன் நன்றாகப் படிக்கிறான் என்றார். பையன் வீட்டுக்குப் பின்னால் மாட்டுக் கொட்டத்தில் ஒளிந்திருந்தான். அவன் பிறகு அவரிடம் பொய் சொன்னதில்லை என்று கேள்விப்பட்டேன். ஆனால் அவர் அவனைத் திருத்துவதற்காகப் போனார் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். துக்கம் கேட்கத்தான் போனார்.

இதெல்லாம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அவரோடு ரோட்டில் போகிறவளுக்கு அல்லவா தெரியும். தினமும் காலையிலும் சாயங்காலமும் தேனி ரோட்டில் நான் “வேணாம்” “போங்க” என்று சொல்லிக்கொண்டே போவேன். இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்துக் காலடியில் விரித்திருந்த பாய் கிழிந்துவிட்டது. தூக்கத்திலும் காலை உதைக்கிறேன் என்று சித்தி சொன்னாள். “பேசாம பஸ்ல போயேன்டி. அந்தம்மாவுக்கு உன்னைய நேந்துவிட்டிருக்கா?” என்றாள். நானும் பஸ்ஸில் போய்விடுவது என்று முடிவு செய்தேன். அந்த முடிவைக் கெடுத்தவர் எங்கள் தெருவில் இருந்த ரிட்டயர்டு தலைமையாசிரியர்.

அவருக்கு நாகமலை புதுக்கோட்டையில் ஒரு கல்யாணம். மேடம் ஏற்றிக்கொண்டார். பெரியவர் என்பதால் முன் சீட்டை அவருக்குக் கொடுத்துவிட்டு நான் பின்னால் போய் உட்கார்ந்தேன். அந்த நிம்மதியை இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். பின் சீட்டில் பொறுப்பு ஒன்றும் இல்லை, மரத்தை வேடிக்கை பார்க்கலாம். அச்சம்பத்துப் பக்கம் செங்கல் லாரி ஒன்று முன்னால் வந்தது.

“சார், எதுத்தாப்புல வருதா? போலாமா?”

சாரின் கண்ணாடி சட்டைப் பையில் இருந்தது. கல்யாணத்துக்குப் போகிறவர் கண்ணாடி போட்டுக்கொண்டு போக விரும்பவில்லை. அது பாதிக் காரணம்தான். கிளம்பிப் போகிற ஒருத்தரைப் பார்த்து “வேணாம்” என்று சொல்கிற வழக்கம் அவருக்கு இல்லை. வலது கையைத் தூக்கி, “நல்லபடியாப் போம்மா, போ” என்றார்.

மேடம் போனார். லாரிக்குப் பக்கத்தில் பாதி ஏறியபோது எதிரே பஸ் பெரிதாக நின்றது. நின்றது என்றுதான் எனக்குத் தோன்றியது, வந்துகொண்டிருந்தது. மிதித்ததும் பாய்கிற அந்தக் குதிப்பு இல்லாத வேறு எந்த வண்டியாக இருந்திருந்தாலும் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் எங்கள் கார் எப்படிப் புகுந்து வெளியே வந்தது என்று எனக்குத் தெரியாது. சாரின் கை தூக்கியபடியே இருந்தது.

மேடம் மரத்தடியில் நிறுத்தினார். “சார், போகச் சொன்னீங்களே” என்றார். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. சந்தேகம் கேட்கிற குரல்.

“நான் ஆசீர்வாதம்ல பண்ணேன்” என்றார் சார். இறங்கி, கல்யாணத்துக்கு நடந்தே போகிறேன் என்று போய்விட்டார்.

நான் முன்னால் வந்து உட்கார்ந்தேன். அழுகையாக வந்தது. “மேடம், எப்படி அவரைப் போய் நம்புனீங்க? கண்ணாடிகூடப் போடலயே அவரு.”

“அவரு பாக்குற எடத்துல உக்காந்திருந்தாரு. நான் பாக்காத எடத்துல உக்காந்திருந்தேன். பாக்காத நான் எப்படி அவரைச் சந்தேகப்படுறது?”

“கொஞ்சமாவது எட்டிப் பாக்கக் கூடாதா?”

“எட்டிப் பாத்து, அரைகுறையாத் தெரிஞ்சு, பாதி நம்பிப் போறதுதான் புள்ள ஆபத்து.”

நாளைக்கு நான் பஸ்ஸில் போனால் அந்த சீட்டில் வேறு யாராவது உட்காருவார்கள். ஆசீர்வாதம் பண்ணுகிறவர்கள் மதுரையில் குறைவில்லை. அந்தப் பயத்திலேயே நான் பஸ்ஸை விட்டுவிட்டு அந்த சீட்டிலேயே ஒட்டிக்கொண்டேன். அவர் மேல் எனக்கு அப்போது பாசம் வந்துவிட்டது என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் பயம் ஒன்றுதான்.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊருக்கு அவரைச் சாப்பிடக் கூப்பிட்டார் அப்பா. மகளைத் தினமும் காரில் கூட்டிப் போகிறவருக்கு ஒரு வேளைக் கறிச்சோறாவது போட வேண்டாமா என்றார். கார் எங்கள் களத்தில் வந்து நின்றபோது ஊரே கூடிவிட்டது. அம்மா கோழிக் குழம்பை இறக்கிவிட்டுத் தம்பியைப் பார்த்து, “போயி நல்ல தலைவாழை இலையா அறுத்துட்டு வாடா” என்றாள். தம்பி பி.யு.சி. முடித்துவிட்டு அப்பாவோடு வயலைப் பார்த்துக்கொண்டிருந்தான். திடமான ஆள். கிணற்றடி வாழைக்குப் போனவன் இலையோடு திரும்பி வந்தான். இலையைத் திண்டில் வைத்துவிட்டு, “அக்கா, என்னமோ கடிச்சிருச்சு” என்றான். கணுக்காலில் இரண்டு பொட்டு ரத்தம். பின்னாலேயே ஓடிவந்த பக்கத்துத் தோட்டத்துக்காரர் வாழைக்கட்டைக்கு அடியில் கண்ணாடி விரியன் கிடக்கிறது என்றார்.

ஆளாளுக்குப் பேசினார்கள். பக்கத்து ஊரில் கடிவைத்தியர் இருக்கிறார், அங்கே தூக்குங்கள் என்றார்கள். பஸ் வருவதற்குள் நேரம் போய்விடும் என்றார்கள். அப்பா என்னைப் பார்த்தார். மேடம் கை கழுவப் போனவர், ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தார். “வண்டி நிக்கிதுல்ல. ஏத்துங்க. பெரியாஸ்பத்திரிக்குப் போயிருவோம்.”

இரண்டு கதவு வண்டியில் ஒரு ஆளைப் பின் சீட்டுக்குக் கொண்டுபோவது லேசு இல்லை. முன் சீட்டை மடக்கி, தம்பியை உள்ளே இழுத்து, அப்பா அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டார். சீட்டை நிமிர்த்தியதும் மேடம் என்னைப் பார்த்தார். நான் ஏறினேன்.

செக்கானூரணி தாண்டும் வரை ரோடு கிடைத்தது. அந்த வண்டிக்கு அப்படி ஒரு ஓட்டம் இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். புளியமரங்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிச் சுவர் மாதிரி போயின. பிறகு வைக்கோல் லாரி வந்தது. இரண்டு பக்கமும் பிதுங்கி, ரோட்டை அடைத்துக்கொண்டு, நடக்கிற ஆளின் வேகத்தில் போயிற்று. டிரைவருக்குப் பின்னால் வருவது எதுவும் தெரியவும் இல்லை, கேட்கவும் இல்லை.

“வருதா?”

தூரத்தில் ஒரு மாட்டு வண்டி. “வேணாம்.”

கொஞ்சம் போனதும் மறுபடி. ஒரு சைக்கிள், அதற்குப் பின்னால் தூசி. தூசிக்குள் என்ன இருக்கிறதோ. “வேணாம்.”

அடுத்தது ஒரு பாலம். “வேணாம்.” அதற்கடுத்து ஒன்றுமே இல்லை, வெயிலில் ரோடு பளபளவென்று தண்ணீர் மாதிரி நெளிந்தது. அந்த நெளிவுக்குள் ஏதோ அசைகிற மாதிரி இருந்தது. “வேணாம் மேடம்.”

பின்னால் தம்பி வாந்தியெடுத்தான். “ஆத்தா, பல்லுல ரத்தம் கசியுது” என்றார் அப்பா. பிறகு குரல் உடைந்து, “போகச் சொல்லு தாயி. ரோடு சும்மாதானே கெடக்கு. தம்பியைப் பாரு தாயி” என்றார்.

மேடம் ஹாரனைக்கூட அடித்து ஓய்ந்துவிட்டார். அவர் காலுக்கடியில் எத்தனை வேகம் அடங்கிக் கிடந்தது என்று எனக்குத் தெரியும். நான் சொல்லாமல் அதில் ஒரு துளியும் அவர் எடுக்க மாட்டார் என்றும் தெரியும். அப்போது அவர் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. திட்டினால் தேவலை, பயந்தாங்கொள்ளி என்று சொல்லிவிட்டு அவர்பாட்டுக்குப் போனால் தேவலை.

“மேடம், நீங்களே பாத்துப் போயிருங்க. என்னால முடியல. எனக்கு எல்லாமே வர்ற மாதிரிதான் தெரியுது.”

“எனக்கு வைக்கோல்தான் தெரியுது புள்ள. ரோடு உன் பக்கம்தான் இருக்கு.”

“நான் சொல்றது தப்பாப் போயிருச்சுன்னா?”

“தப்பாப் போனா எல்லாரும் சேந்துதான் போவோம். பாத்துச் சொல்லு.”

நான் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினேன். வைக்கோல் கன்னத்தைக் கீறியது. ரோடு நீளமாகக் கிடந்தது. கடைசியில், ஆலமரத்தடியில் ஒரு பஸ். நிற்கிறதா, வருகிறதா. ஆள் ஏறுகிற மாதிரியும் இருந்தது, புழுதி கிளம்புகிற மாதிரியும் இருந்தது. கண்ணை இடுக்கிப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர். பின்னால் அப்பா தம்பியின் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவன் பதில் சொல்லவில்லை.

“போங்க” என்றேன்.

மேடம் போனார். லாரி நீளமாக இருந்தது, முடியவே இல்லை. பஸ் நின்றிருக்கவில்லை. அதன் ஹாரன் சத்தம் முதலில் வந்தது, பிறகு அதன் முகம், அதற்குள் டிரைவரின் முகம், அவர் தலையில் கட்டியிருந்த துண்டு. என்னால் கண்ணை மூட முடியவில்லை. என் காலடியில் பாயைக் கிழித்துக்கொண்டு தகரத்தை மிதித்தேன். வண்டி உறுமி ஒரு குதி குதித்தது. வைக்கோல் கொஞ்சம் மேடம் பக்கத்துக் கண்ணாடி வழியாக என் மடி வரைக்கும் வந்து விழுந்தது. பிறகு முன்னால் ரோடு மட்டும் இருந்தது.

அதற்குப் பிறகு பெரியாஸ்பத்திரி வரைக்கும் நான் “போங்க” என்று மட்டும்தான் சொன்னேன் என்று அப்பா பிற்பாடு சொன்னார். எனக்கு நினைவில்லை.

தம்பி பிழைத்துக்கொண்டான். கால் வீக்கம் வடிய ரொம்ப நாள் ஆயிற்று. அவன் கண் திறந்து தண்ணீர் கேட்டான் என்று நர்ஸ் வந்து சொன்னபோது, மேடமும் நானும் வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தோம். அப்பா உள்ளே ஓடினார். நான் அழுது முடித்துவிட்டு அவரிடம் சொன்னேன்.

“மேடம், அந்த பஸ் நிக்கிதா வருதான்னு எனக்குத் தெரியல. தெரியாமத்தான் போங்கன்னு சொன்னேன்.”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் கைகள் மடியில் இருந்தன. ஒரு கையால் இன்னொரு கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“இனிமே நான் அந்த சீட்டுல உக்கார மாட்டேன் மேடம். என்னால முடியாது.”

“சரி” என்றார்.

அதையும் நம்பிவிட்டார். ஒரு தரம்கூட வற்புறுத்தவில்லை. மறுநாளிலிருந்து கார் ஷெட்டிலேயே நின்றது, அவரும் நானும் ஒரே பஸ்ஸில் போனோம். சித்திரைக்கு முன்னால் கோயம்புத்தூரிலிருந்து ஒருத்தர் வந்து அதை ஓட்டிக்கொண்டு போனார். உறுமல் தெரு முனை திரும்பும் வரை கேட்டது. எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

சில மாதம் கழித்து மேடம் ஒரு உள்ளூர் கார் வாங்கினார். அதுவும் பழையதுதான். எல்லோருடைய காரையும் போல வலது பக்கம் ஸ்டியரிங். “வா புள்ள, இதுல உனக்கு வேலை இல்ல” என்று கூப்பிட்டார். இடது பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். ஓரத்தில் கால்வாயும் கருவேல மரமும் போயின. இவ்வளவு காலம் கழித்து அவரோடு நிம்மதியாகப் பேசிக்கொண்டு போகப் போகிறேன் என்று சந்தோஷமாக இருந்தது.

விராட்டிபத்து தாண்டினதும் முன்னால் உரமூட்டை ஏற்றின ஒற்றை மாட்டு வண்டி. அதற்குப் பின்னால் போனோம். போய்க்கொண்டே இருந்தோம். பின்னால் ஹாரன் அடித்தார்கள். ஒரு லாரி எங்களையும் மாட்டு வண்டியையும் சேர்த்துத் தாண்டிப் போயிற்று. ஒரு டவுன் பஸ் போயிற்று. சைக்கிளில் பால் கேன் கட்டினவர் போனார். வண்டிக்காரரே திரும்பிப் பார்த்து, தாண்டிப் போகும்படி கையைக் காட்டினார்.

“ஏன் மேடம் போகல?”

“எதுத்தாப்புல ஒண்ணும் இல்லாத மாதிரிதான் இருக்கு.”

“அப்பப் போங்களேன்.”

“மாதிரிதான இருக்கு” என்றார். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. “நீ சொன்னா நான் ஏன் எதுக்குன்னு கேக்காமப் போயிட்டேன். நானே பாத்து நானே போறதுன்னா கால் வர மாட்டேங்குது புள்ள. இம்புட்டு நாளும் நீங்கள்லாம் இதையா பாத்துக்கிட்டிருந்தீங்க?”

நான் முன்னால் எட்டிப் பார்த்தேன், உரமூட்டைதான் தெரிந்தது.

“நீ பாத்துச் சொல்லு” என்றார்.

என் பக்கத்திலிருந்து ஒன்றும் தெரியாது. சீட்டில் முழங்காலை ஊன்றி, அவருக்குக் குறுக்கே சாய்ந்து, தலையை அவர் தோளுக்கு முன்னால் கொண்டுபோய்ப் பார்த்தேன். நாகமலை வரைக்கும் ரோடு வெறிச்சென்று கிடந்தது.

“போங்க” என்றேன்.

உடனே போனார். அந்த வண்டிக்கு ஓட்டமே கிடையாது, முக்கி முனகித்தான் ஏறியது. நான் சாய்ந்தபடியே மெல்ல நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். மேடம் ரோட்டைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரோட்டைப் பாருங்க மேடம் என்று சொன்னால் பயந்து நடுவிலேயே நின்றுவிடுவாரோ என்று அதைச் சொல்லவும் பயந்து, முகத்தை அசைக்காமல் வைத்துக்கொண்டு, ஓரக்கண்ணால் ரோட்டைப் பார்த்தபடி, மாட்டு வண்டி பின்னால் போகும் வரைக்கும் “போங்க, போங்க” என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.